முன்கடையும் பின்னறையும்

எங்கள் கடைக் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட மூன்று காகிதங்கள் தொங்குகின்றன. ஒன்று வணிகப் பதிவுச் சான்றிதழ். இன்னொன்று பினாங்குத் தீவு மாநகராட்சி கொடுத்த கடை லைசென்ஸ். மூன்றாவதில் மருத்துவச் சாதன ஆணையத்தின் முத்திரை இருக்கும். ரத்தக் கொதிப்புப் பார்க்கும் மெஷின் வாங்க வருகிற பெரியவர்கள் மூன்றாவதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். "பரவால்லையே, கவர்மென்ட் லைசென்ஸ் வச்சுத்தான் விக்கிறீங்க" என்பார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். உள்ளதைச் சொன்னால், கல்லாவுக்கு முன்னால் நின்று ஒருவருக்கு ஒரு மெஷினை விற்க அந்த மூன்றாவது காகிதம் தேவையே இல்லை. அதைப் பின்னறைக்காக வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்த வித்தியாசம் புரியாமல் இந்தத் தொழிலில் பயந்து கடையை மூடியவர்களையும் பார்த்திருக்கிறேன், பயமே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

1980-களின் கடைசியில் தத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரியாஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம்தான். வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்குத் தேவையானதெல்லாம் எங்களிடம் இருக்கும். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், பெட்பேன், ரப்பர் ஷீட், சுடுநீர்ப் பை, பாதரசம் ஏறி இறங்கும் ரத்தக் கொதிப்பு மெஷின். இனிப்புநீர்க்காரர்களுக்குப் பெனடிக்ட் கரைசல் என்ற நீலத் தண்ணீரும் சோதனைக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் சேர்த்துக் கொடுப்போம். ஐந்து மில்லி கரைசலில் எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை எக்கச்சக்கம். அதை எப்படிச் செய்வது என்று கடை வாசலிலேயே விளக்கேற்றிக் காட்டுவார் எங்கள் முதலாளி. வாங்குகிறவர் ஒரு தடவை தானே செய்து காட்டினால்தான் பணத்தை வாங்குவார். அது எந்தச் சட்டத்திலும் இல்லை.

அன்றைய லைசென்ஸ் என்பது கடைக்குத்தான், சரக்குக்கு இல்லை. வணிகப் பதிவு, நகராண்மைக் கழகத்தின் கடை லைசென்ஸ், பெயர்ப்பலகைக்கு அனுமதி. பெயர்ப்பலகையில் தேசிய மொழி எழுத்து மற்ற மொழி எழுத்துகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒருமுறை அதிகாரி அளவு நாடாவோடு வந்து எழுத்தின் உயரத்தை அளந்தார். உள்ளே பெட்டியில் என்ன இருக்கிறது, அதை யார் செய்தார்கள், எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. மருந்தின் கதை வேறு. 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு மருந்துப் பெட்டிகளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் வர ஆரம்பித்தது. இருமல் மருந்துக்கு எண் இருந்தது, ரத்தக் கொதிப்பு மெஷினுக்கு எதுவும் இல்லை. கோலாலம்பூர் ஏஜெண்டுகள் அனுப்புவார்கள், சிங்கப்பூரிலிருந்து தெரிந்தவர்கள் பையில் கொண்டுவருவார்கள். பெட்டியில் ஜெர்மனி என்று எழுதியிருந்தால் நாங்களும் ஜெர்மனி என்றே சொல்லி விற்போம்.

சட்டம் என்ற ஒன்று எங்களைத் தொட்டது விளம்பரத்தில்தான். 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் பழையதுதான் என்றாலும் பல் உள்ளது. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய், இருதய நோய், ஆஸ்துமா, வாதம் என்று இருபது நோய்களைப் பட்டியல் போட்டு, இவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. 1990-களில் காந்தப் படுக்கை, அதிரும் பெல்ட், பாதத்துக்கு மின்சாரம் பாய்ச்சும் பெட்டி என்று ஓர் அலை அடித்தது. ஒரு வியாபாரி அழகான தமிழில் அச்சடித்த துண்டறிக்கைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். இடுப்பில் மூன்று மாதம் கட்டினால் இனிப்புநீர் ஓடிவிடுமாம், ஊசியே வேண்டாமாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும் கூட்டத்தில் விநியோகிக்கலாம் என்பது அவர் யோசனை. முதலாளி ஒரு துண்டறிக்கையை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு அத்தனையையும் கயிறு போட்டுக் கட்டி அவர் காரிலேயே ஏற்றி அனுப்பினார். இன்சுலினை நிறுத்திவிட்டு பெல்ட் கட்டிக்கொண்ட யாராவது நாளைக்கு நம் கடைக்குத்தான் சக்கர நாற்காலி வாங்க வருவார்கள் என்றார்.

2000 ஜனவரி 1-ஆம் தேதி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முழுதாக நீங்கியது. போருக்கு முந்தைய கட்டடங்களில் சொற்ப வாடகையில் இருந்த ஜார்ஜ்டவுன் கடைகளுக்கு அது பேரிடி. முதலாளி ஓய்வுபெற்றார். நான் வேறு தெருவில், கீழே கடையும் மேலே கிடங்குமாக ஒரு கடைவீடு பிடித்தேன். கூடிய வாடகையை முன்கடை வியாபாரம் தாங்காது என்று முதல் ஆண்டே தெரிந்துவிட்டது. அப்படித்தான் பின்னறை பிறந்தது. புக்கிட் மெர்தாஜம், சுங்கைப் பட்டாணி, பாரிட் புந்தார் பக்கத்துச் சின்ன மருந்துக்கடைகளுக்கும் மளிகைக்கடைகளுக்கும் வேனில் சரக்குப் போட ஆரம்பித்தேன். குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், டிஜிட்டல் ரத்தக் கொதிப்பு மெஷின், நெபுலைசர். மெக்கலிஸ்டர் சாலை, பர்மா சாலை தனியார் மருத்துவமனைகளுக்கு மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஊர் திரும்பும் முன் ஸ்ட்ரிப்பைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள். நல்ல காலம்.

2006-இல் சுகாதார அமைச்சு மருத்துவச் சாதனங்களுக்கு விருப்பப் பதிவு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் பதிந்தன. எங்களைப் போன்றவர்கள் விருப்பம்தானே என்று இருந்துவிட்டோம். பிறகு 2012-இல் மருத்துவச் சாதனச் சட்டம், 737-ஆம் எண் சட்டம், நிறைவேறியது. 2013 ஜூன் 30-இல் நடப்புக்கு வந்தது. லைசென்ஸ் எடுக்க ஓராண்டு அவகாசம். சாதனங்களைப் பதிய அதைவிடக் கூடுதல் அவகாசம், அதையும் நீட்டி 2016 ஜூன் 30 வரை விட்டார்கள். பதியாத சாதனத்தைச் சந்தையில் விட்டால் இரண்டு லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தத் தொகையைக் கேட்டதும் எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விட்டது.

விளக்கக் கூட்டம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. லைசென்ஸ் நான்கு வகையினருக்கு என்றார்கள்: தயாரிப்பாளர், வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் உள்நாட்டுப் பிரதிநிதி, இறக்குமதியாளர், விநியோகஸ்தர். சில்லறைக் கடைக்காரர் இதில் சேரமாட்டார், சட்டமே அவரை விலக்கியிருக்கிறது என்று சொன்னதும் மண்டபத்தில் பெருமூச்சு எழுந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பல நாற்காலிகள் காலியாக இருந்தன. நம்மைப் பற்றியது இல்லை என்று போய்விட்டார்கள். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சில்லறைக் கடைக்காரர் என்றால் யார்? பயன்படுத்துகிறவரிடம் நேராக விற்பவர். அதே ஆள், அதே கடையிலிருந்து, அதே குளுக்கோமீட்டரில் பத்துப் பெட்டியை இன்னொரு கடைக்காரர் மறுபடி விற்பதற்காகக் கொடுத்தால் அந்த நிமிடமே விநியோகஸ்தர். வெளிநாட்டுக்கு நேராகப் பணம் அனுப்பி இரண்டு அட்டைப்பெட்டி வரவழைத்தால் இறக்குமதியாளர். கடையின் பரப்பளவையோ, வியாபாரத் தொகையையோ, கண்ணாடி அலமாரியையோ சட்டம் பார்ப்பதில்லை. சரக்கு யாரிடமிருந்து வந்து யாரிடம் போகிறது என்பதைத்தான் பார்க்கிறது. லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பதியாத சரக்கை விற்கலாம் என்றும் ஆகிவிடாது. வெளியே போனவர்கள் இந்த இரண்டையும் கேட்கவில்லை.

பக்கத்துத் தெருவில் எனக்கு வேண்டிய ஒரு சீனத் தவுக்கே கடைசிவரை இருந்து கேட்டார். வெளியே வந்ததும், "மொத்த வியாபாரத்தை விட்டுடப் போறேன் லா, முன்னால விக்கிறது போதும்" என்றார். சொன்னபடி விட்டார். இன்றும் நிம்மதியாக இருக்கிறார். என் வாடகைக்கு அது கட்டாது. விநியோகஸ்தர் லைசென்ஸ் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

லைசென்ஸ் கட்டணம் பெரிய செலவில்லை. அதற்கு முன்னால் முறையான விநியோக நடைமுறைச் சான்றிதழ் வேண்டும். எங்கள் தொழிலில் ஜி.டி.பி.எம்.டி. என்பார்கள். ஆணையத்தில் பதிந்த தணிக்கை நிறுவனம் வந்து கிடங்கைப் பார்த்து, கோப்புகளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தணிக்கைக்கும் ஏர்கானுக்கும் போனதுதான் பணம். பெரும்பாலான ஸ்ட்ரிப் டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்திருக்கும். ஓட்டுக்கூரைக்குக் கீழே, பிப்ரவரி மாத மத்தியானத்தில், எங்கள் மாடியில் தெர்மாமீட்டர் 34-ஐத் தாண்டி நின்றது. அத்தனை வருடமாக இப்படிப்பட்ட மாடிகளில்தான் ஸ்ட்ரிப் வைத்து விற்றுக்கொண்டிருந்தன இந்தத் தீவின் பாதிக் கடைகள். மீட்டர் சரியாகக் காட்டவில்லை என்று திரும்பி வந்த எத்தனை ஆன்டிகளிடம், விரலை நல்லாக் கழுவினீங்களா என்று கேட்டிருப்போம்!

தணிக்கைக்கு வந்தவர் இளம்பெண். மாடியேறி, அடுக்கில் கைக்கு வந்த ஸ்ட்ரிப் பெட்டியை எடுத்து அடியில் இருந்த லாட் எண்ணைப் படித்தார். "அங்கிள், இதே லாட்டில் வந்ததெல்லாம் எங்கே போயிருக்கு, காட்டுங்க" என்றார். எங்கள் பில் புத்தகத்தில் தேதி இருந்தது, கடைப்பெயர் இருந்தது, தொகை இருந்தது. லாட் எண் இல்லை. அன்று சான்றிதழ் கிடைக்கவில்லை, திருத்தி எழுத அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரமே பில்லில் ஒரு கட்டம் கூட்டினோம். வேன் ஓட்டுகிற பையன் முதலில் முணுமுணுத்தான், ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்து எழுத நேரமாகிறது என்று. பிறகு பழகிவிட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்தக் கட்டம்தான் என்னைக் காப்பாற்றுகிறது.

இந்தச் சட்டத்தால் நாங்கள் இழந்ததும் உண்டு. சாதனத்தைப் பதிய வேண்டியது தயாரிப்பாளர் அல்லது அவருடைய உள்நாட்டுப் பிரதிநிதி. அந்தப் பிரதிநிதி எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால்தான் எங்களைப் போன்ற விநியோகஸ்தர் அந்தச் சரக்கைத் தொட முடியும். முன்பு பத்து ஏஜெண்டுகளிடம் விலை கேட்டு வாங்கிய இடத்தில் இப்போது ஒரு கடிதத்துக்காக ஒருவரிடம் நிற்க வேண்டியிருக்கிறது. சாதனங்களை ஆபத்தின் அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சக்கர நாற்காலி ஏ, ரத்தக் கொதிப்பு மெஷின் பி, வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் சி. மிகச் சாதாரணமான ஏ வகுப்புக்கும் பதிவு உண்டு. ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ஓர் ஐரோப்பிய ரப்பர் காலணி, ஈரத் தரையிலும் வழுக்காது, எங்களிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வருடத்துக்குச் சில நூறு ஜோடி விற்கும் பொருளை யார் பணம் கட்டிப் பதிவார்கள்? 2016-க்குப் பிறகு அது வரவே இல்லை. பாயான் லெப்பாசில் பி.பிரௌன் தொழிற்சாலை 1972-லிருந்து இருக்கிறது. உலகத்துக்கே மருத்துவச் சாதனம் செய்து அனுப்பும் தீவு இது. ஆயர் ஈத்தாம் பாட்டிக்கு ஒரு நல்ல ரப்பர் காலணி கிடைக்கவில்லை.

ஆனாலும் பதிவு எண் வந்தது நல்லதுதான் என்பது என் கட்சி. 2021 ஜூலை, ஆகஸ்டில் அது எனக்கு உறுதியாகிவிட்டது.

அந்த இரண்டு மாதங்களில் கடைத் தொலைபேசி ஓயவில்லை. எல்லாருக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வேண்டும். முறையான விநியோகஸ்தர்களிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. ஒருநாள் ஒரு லாரி கடை முன்னால் வந்து நின்றது. இறங்கியவர் எனக்கு முன்பின் தெரியாதவர். வெள்ளை நிறத்தில் சின்னச் சின்ன மெஷின்கள், ஒன்றிலிருந்து ஏழு லிட்டர் வரை என்று முன்பக்கம் எழுதியிருந்தது. நீங்கள் சில்லறைக் கடைதானே, உங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லையே, வைத்து விற்றுக்கொடுங்கள், பாதிக்குப் பாதி என்றார். சட்டத்தை அரைகுறையாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். பதிவு எண் கேட்டேன். பிறகு அனுப்புகிறேன் என்றார். ஒரு மெஷினைப் பிரித்து ஓடவிடச் சொன்னேன். என்னிடம் ஆக்சிஜன் அளவு பார்க்கும் அனலைசர் உண்டு, வாடகைக்கு விட்ட மெஷின்கள் திரும்பி வந்தால் சோதிப்பதற்காக வாங்கியது. ஒரு லிட்டரில் வைத்தபோது 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டியது. மூன்றில் வைத்தோம், சரசரவென்று இறங்கியது. ஏழில் வைத்தபோது முப்பதை ஒட்டி நின்றது. நாம் சும்மா இழுக்கும் காற்றிலேயே 21 இருக்கிறது. ஐந்து லிட்டர் ஓட்டத்திலும் தொண்ணூறுக்குக் குறையாத மெஷின்தான் மூச்சுத்திணறுகிற நோயாளிக்கு உதவும். எண்ணில் ஏழு தெரிந்தால் வீட்டார் ஏழில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

லாரிக்காரர் அடுத்த கடைக்குப் போனார். எங்கேயோ விற்றிருப்பார். வேண்டாம் என்று அனுப்பிய பிறகும் வாசலில் நாலு பேர் நின்று, "அண்ணே, அதையாவது குடுங்கண்ணே" என்று கேட்டார்கள். அது அவ்வளவு சுலபமாக மறக்கிற குரல் இல்லை.

அதே ஆண்டில் சுயமாகச் செய்யும் கோவிட் சோதனைக் கருவிகள் வந்தன. முதலில் மருந்தகங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் மட்டும் விற்கலாம் என்றார்கள். மூலையில் பனடோல் விற்கும் மருந்தகத்துக்கு உண்டு, முப்பது வருடமாகச் சாதனமே விற்கும் எனக்கு இல்லை. மருந்தகத்தில் பதிவுபெற்ற மருந்தாளர் நிற்கிறார், தவறாகப் பயன்படுத்தினால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. செப்டம்பர் 5 முதல் சில்லறை விலை 19.90 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் பேரங்காடியிலும் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்க ஆரம்பித்தது. மருந்தாளரின் நியாயம் எங்கே போனது என்று கேட்க எனக்கு நேரமில்லை, நானும் அடுக்கிவைத்து விற்றேன்.

2020 ஜூலையில் இன்னும் இரண்டு விதிகள் நடப்புக்கு வந்திருந்தன. ஒன்று விளம்பரத்தைப் பற்றியது. இன்னொன்று லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் கடமைகள்: விநியோகப் பதிவேடு, புகார் கையாளுதல், கோளாறு அறிவித்தல், சரக்கைத் திரும்பப் பெறுதல். காகிதத்தில் படிக்கும்போது கொட்டாவி வரும். அடுத்த வருடம் ஜூனில் ஒரு பெரிய நிறுவனம், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறவர்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளும் மெஷின்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு நாளடைவில் உதிர்ந்து, துகளாக நோயாளியின் மூச்சில் போகலாமாம். எங்களுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் சீரியல் எண்களின் பட்டியலை அனுப்பி, யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள்.

பின்னறை வழியாகப் போன மெஷின்களுக்கு என் பில்லில் எண் இருந்தது, கடைப்பெயரும் இருந்தது. அந்தக் கடைகளைக் கூப்பிட்டால் பாதிப் பேருக்கு யாரிடம் விற்றோம் என்று தெரியவில்லை. அவர்கள் சில்லறைக் கடைக்காரர்கள், எழுதிவைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் முன்கடையில் விற்றவற்றுக்கு நீல அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. வாங்கியவர் பெயர், தொலைபேசி, சீரியல் எண். மாஸ்க் மாற்ற வேண்டிய நேரத்தில் கூப்பிட்டால் வியாபாரம் ஆகுமே என்று வைத்த நோட்டு. அதை வைத்துக்கொண்டு நானும் என் மகளும் ஜெலுத்தோங், குளுகோர், மேடான் என்று கூப்பிட்டோம். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் பழைய மெஷினுக்குப் புதுசு இலவசமாகத் தருவீர்களா என்றார்கள். ஒரு பெரியவர், மெஷின் இல்லாமல் தூங்கினால் இன்றைக்கே போய்விடுவேன், பஞ்சுத்தூளால் போக இன்னும் பத்து வருசமாகும், நான் இதையே வைத்துக்கொள்கிறேன் என்றார். அவரை அவருடைய டாக்டரிடம் பேசச் சொன்னேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் கூடாது.

இப்போது கடை தொடங்க நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். போன வருடம் புக்கிட் மெர்தாஜமில் கடை போட்ட ஒரு தம்பி ஒழுங்காகக் கேட்டு நடக்கிறவன். சரக்கை லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டும் வாங்குகிறான். பெட்டியில் இருக்கும் பதிவு எண்ணை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தட்டிப் பார்க்கிறான். சீரியல் எண்ணோடு நோட்டும் வைத்திருக்கிறான். போன வாரம் கூப்பிட்டான். பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரர் அவசரமாகப் பத்து குளுக்கோமீட்டர் கேட்கிறாராம், அடக்க விலைக்கு மேல் பெட்டிக்கு ஐந்து வெள்ளி தருகிறாராம், கொடுக்கலாமா அங்கிள் என்றான். எதற்குக் கேட்கிறார் என்று கேட்டேன். அவர் கடையில் வைத்து விற்கத்தான் என்றான். அப்படியென்றால் அவரை என் வேனுக்குச் சொல்லிவிடச் சொன்னேன், செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போகிறது. ஐம்பது வெள்ளி போச்சே என்றான். ஆமாம், போச்சு என்றேன்.